சிவப்பு அம்பு

இது நடந்தது. எனக்கே நடந்ததால், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆரம்பித்து வைத்த புண்ணியவானும் நானேதான். கல்லுருளைகளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கிறேன் பேர்வழி என்று, மேலே வரைந்திருந்த அம்புக்குறிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

குவாரிப் பாறையில் துளைபோட்டு அக்கா எடுத்தனுப்பிய விரல்நீளக் கற்கள் அவை. கூடப் பிறந்தவர் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். கல் மலையில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று சொல்வது அந்த அம்பு ஒன்றுதான். அதை வைத்துக் கல்லின் காந்தத்தை அளந்தால், கோடி வருஷங்களுக்கு முன் பாறைக்குழம்பு எங்கிருந்து ஓடிவந்தது என்று தெரியும். அம்பு போனால் அது வெறும் கல். காகிதம் பறக்காமல் வைக்கலாம்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்புப் பேனாவால் குத்துமதிப்பாக வரைந்து, அளந்து, குழம்பு கிழக்கிலிருந்து வந்ததாகப் போனில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்போ திங்கக்கிழமை குவாரியோட கிழக்குச் சுவர்லயே துளை போட்டுடுறேன். நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் காதை விட்டுப் போகவே இல்லை. மறுபடி அளந்தால் மனசு ஆறும் என்று ஞாயிறு மதியம் ஆய்வகத்துக்குப் போனேன். கட்டடத்தில் ஒருவரும் இல்லை. அளவைக் கெடுக்கும் என்று லிஃப்டை நிறுத்தினேன். சாவி, போன், பெல்ட் எல்லாம் வெளியே. இரும்பு நுழையக் கூடாத அறை அது. பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி நுழைந்தேன். குற்றவாளிக்கேற்ற நடை.

முதல் கல்லைக் கருவிக்குள் வைத்து மூடினேன்.

டக்... டக்... டக்...

பாறையைச் சுத்தியல் தட்டும் சத்தம். இரும்பே இல்லாத அறையில்.

கல்லை வெளியே எடுத்தேன். என் கறுப்பு அம்பைக் காணோம். அங்கே சிவப்பில் ஒன்று. விரலில் பொடி ஒட்டியது.

தட்டைப் பார்த்தேன். மற்ற கற்களிலும் சிவப்பு.

எல்லா அம்பும்... கதவைக் காட்டின.

டக்.

என் முதுகுக்குப் பின்னால்.

ஓடினேன். வெளியே போனை எடுத்து, செய்ததையெல்லாம் அக்காவிடம் கொட்டிவிட்டேன். கழுதை என்று திட்டினார். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில், "இப்பவாவது சொன்னியே" என்று மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை அவர் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. காலையில் அது சரிந்து விழுந்தது.

சிவப்பு அம்பைப் பற்றி எல்லோரிடமும் கேட்டேன். துறைத்தலைவர் துரு என்றார். குவாரி மேலாளர், சாப்பிட்டாச்சா என்றார். அக்காவுக்கு ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணன் மட்டும், என்னைக் குவாரிக்குக் கூட்டிப்போனபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார்.

"அது வெடிக்காரர் போடுறது தம்பி. வெடி வைக்கும் முன்னாடி, ஆளுங்க ஓட வேண்டிய பக்கத்தைச் சிவப்புப் பொடியில கல்லுல போட்டுடுவார்."

"அவரைப் பார்க்கணும்ணே. எங்க இருக்கார்?"

அண்ணன் கண்ணாடி வழியே குவாரியைப் பார்த்தார்.

"கிழக்குச் சுவருக்கு அடியிலதான். போன வருஷம் கல்லு சரிஞ்சப்ப மாட்டினார். இன்னும் எடுக்கலை."