இரண்டு கட்டை இறங்கிய குத்துப்பாட்டு

போன சனிக்கிழமை சாயங்காலம், சிதம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். நான் போகவில்லை!

சாப்பாட்டு விஷயத்தில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் மேடைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்துப் பாடப் போவது செலின்.

செலின் என் மனைவியின் தங்கை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. வாரநாளில் ஒரு ஸ்கூலில் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறு என்றால் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்போடு மேடை. பதினான்கு வருஷமாக அந்த ட்ரூப்பில் குத்துப்பாட்டு என்றால் செலின்தான். மங்கலம்பேட்டையில் பாடினால் விருத்தாசலத்தில் கேட்கும் என்று கிண்டல் செய்வார்கள்.

போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே இருக்குது. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். ஆனா கேரண்டி குடுக்க முடியாதும்மா."

ஆபரேஷன் முடிந்தது. கேன்சர் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. எல்லோரும் 'அப்பாடா' என்றோம். செலின் மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை... வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

மூன்று மாதம் எதுவானாலும் பேப்பரில் எழுதிக் காட்டினாள். அப்புறம் குரல் வந்தது. கரகரப்பாக, தாழ்வாக, வேறு யாருடையதோ மாதிரி. பேசலாம். மேல் ஸ்தாயி? அது திரும்பவே இல்லை. ட்ரூப்பில் வேறொரு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். யாரைக் குறை சொல்ல? கல்யாண சீசன் காத்திருக்குமா?

சர்ச் கொயரில் பாடுவதையும் நிறுத்திவிட்டாள். டிவியில் பாட்டு வந்தால் சேனலை மாற்றுவாள். ஒருநாள் என் மனைவி அவள் வீட்டுச் சமையலறையில் ஏதோ முணுமுணுக்கப் போக, "அக்கா, வேணாம்" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் நாங்கள் யாரும் வாயைத் திறந்து ஒரு வரி பாடியதில்லை.

இந்த நிலைமையில்தான் ஜமால் என்னோடு அவளைப் பார்க்க வந்தான். ஜமால் லால்பேட்டைக்காரன், என் கல்லூரி நண்பன். சவுதியில் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் டிரைவராக இருந்தவன். ஒரு கையில் பேரீச்சம்பழ டப்பா, இன்னொரு கையில் ஒரு பென் டிரைவ்.

"தங்கச்சி, இதுல இங்கிலீஷ் பாட்டு இருக்குது. நீ பாட வேணாம். சும்மா கேளு."

அவன் ஓட்டிய காரில் ஓர் அமெரிக்க இன்ஜினீயர் போவாராம். கறுப்பினத்தவர், தெற்கத்திக்காரர். வழியெல்லாம் கன்ட்ரி பாட்டுதான் கேட்பாராம். கன்ட்ரி என்றால் அந்த ஊர் நாட்டுப்புறம் மாதிரி. கிட்டார், பிடில், காதல் தோல்வி, ரயில், சாராயம்... வெள்ளைக்காரர்களின் சொத்து என்று உலகமே நினைத்துக்கொண்டிருப்பது. ஆனால் அவர் கேட்டது, 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பாடுகிற கறுப்பினப் பாடகர்கள் அதே பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடிய ரெக்கார்டுகளை.

"நான் ஒருநாள் கேட்டுட்டேன் மச்சான். 'சார், இது வெள்ளைக்காரங்க பாட்டாச்சே, உங்காளுங்க எதுக்குப் பாடுறாங்க'ன்னு. அவரு சிரிச்சாரு. 'எங்க வீட்டுல ஒரே ஒரு ரேடியோ. அதுல வந்ததெல்லாம் எங்க பாட்டுதான்'னாரு."

ஜமால் ஊருக்குக் கிளம்பும்போது அவர் கொடுத்ததுதான் அந்த பென் டிரைவ். ஒவ்வொரு பாட்டும் இரண்டு தடவை. முதலில் கன்ட்ரிக்காரர், அடுத்து கறுப்பினப் பாடகர்.

செலின் மரியாதைக்காகத்தான் கேட்க ஆரம்பித்தாள். மூன்றாவது பாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இது அதே பாட்டா?"

"அதே பாட்டுதான்."

"நம்பவே முடியல. அவரு குதிரை மேல போற மாதிரி பாடுறாரு. இந்தம்மா ஜெபம் பண்ற மாதிரி பாடுறாங்க. அவசரமே இல்ல. குரல் உடையுற எடத்துல உடைய வுட்டுடுறாங்க மாமா."

யோசித்துப் பார்த்தேன். கன்ட்ரி ஓர் அலமாரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் இன்னோர் அலமாரி என்று பிரித்து வைத்தது யார்? பாட்டு எழுதியவனா? ரெக்கார்டு விற்றவன்தானே! நாம் மட்டும் என்ன... 'நீ குத்துக்குத்தான் லாயக்கு' என்று செலினைப் பதினான்கு வருஷம் ஓர் அலமாரியில் வைத்திருந்தோம். அலமாரியோடு அவளையே மூடிவிடப் பார்த்தோம்.

ஒரு வாரம் கழித்து அவளே ட்ரூப் லீடருக்குப் போன் போட்டாள். தன்னுடைய பழைய ஹிட் குத்துப்பாட்டையே இரண்டு கட்டை இறக்கி, மெதுவாகப் பாடுகிறேன் என்றாள்.

அவர் அலறினார். "செலினு, ரிசப்ஷன்ல வந்து சோகமா பாடுனா மாப்ள வூட்டுக்காரன் என்னைத்தான் அடிப்பான்!"

கெஞ்சிக் கேட்டதில் இறங்கி வந்தார். ஒரே ஒரு பாட்டு. அதுவும் ஜனங்கள் சாப்பிடப் போகிற நேரத்தில். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

கீபோர்டு மட்டும் மெல்ல ஆரம்பித்தது. செலின் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "அக்கா, குத்து!" என்று கத்தினான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊரை விட்டுப் போனவனை ஒரு பெண் வாய்க்கு வந்தபடி திட்டுகிற பாட்டு அது. எத்தனை கல்யாணத்தில் நானே ஆடியிருக்கிறேன்! மெதுவாகப் பாடக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் திட்டவில்லை. எப்போ வருவே என்று கேட்கிறாள்.

இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. பக்கத்தில் என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். செலின் நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். உடைந்த இடத்திலிருந்தே மறுபடி எடுத்தாள்.

அடுத்த பாட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு மேடைப் படியேறிய மாப்பிள்ளையின் தாய்மாமன், சீட்டைக் கொடுக்காமல் படியிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் முதலில் கை தட்டியவர் அவர்தான். அப்புறம் மண்டபமே தட்டியது.

"எந்தப் படம்மா இது? புதுசா?" என்று கேட்டார் தாய்மாமன்.

"பழசுதாங்க. ஸ்பீடா போட்டா நீங்களே ஆடுவீங்க" என்றாள் செலின். மைக்கிலேயே சொல்லிவிட்டாள். மண்டபம் சிரித்தது. லீடர் அங்கேயே அடுத்த மாதக் கச்சேரிக்கு அவளிடம் தேதி கேட்டுக்கொண்டார். நான் பந்திக்கு ஓடினேன். மூன்று தடவை சாம்பார் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. செலின். குரலே இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"மாமா... தொண்டை கட்டிக்கிச்சு."

"ஐயையோ! டாக்டருக்குப் போன் பண்ணியா? பாடுனதாலயா?"

"அதெல்லாம் இல்ல மாமா. பாடி முடிச்ச சந்தோஷத்துல மூணு ஐஸ்கிரீம் சாப்ட்டேன்."

போனிலேயே அவளைத் திட்டித் தீர்த்தேன். ஒருத்தரைத் திட்டுவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது!