தும்பிக்கை போட்ட ‘னை’

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர். உரசினால் போதும், பற்றிக்கொள்வாள். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கிளட்சை விடும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் பற்றாது? அவள் உட்காரும் பக்கத்து இருக்கையில் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் இந்த முறை வந்த கோபத்துக்கு எந்த பிரேக்கும் போதவில்லை.

காரணம் அவளுடைய பெரியப்பா. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா கிடந்த மனிதருக்கு எந்தப் புண்ணியவானோ பழைய செய்தித்தாள்களை இணையத்தில் தேடும் வழியைக் காட்டிக்கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து வம்ச வரலாறு எழுதுகிறேன் பேர்வழி என்று கிளம்பிவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் கண் விழித்தால் ஒரு முன்னோர் முளைத்திருப்பார். பெரியப்பாவின் தாத்தா, அதாவது தீப்பெட்டிக்குக் கொள்ளுத்தாத்தா, ஊரே கொண்டாடிய வைத்தியராம். நரம்புத் தளர்ச்சி லேகியத்துக்கு அவர் கொடுத்த விளம்பரங்கள்தான் சாட்சி. குழுவில் ஆளாளுக்குக் கை கூப்பினார்கள்.

பிறகு ஒரு நாள் இதைப் போட்டார். அதே வைத்தியர் கொடுத்த அறிவிப்பு: ‘என் மனைவி பிள்ளையையும் விட்டுவிட்டு, கணவனாகிய என்னிடம் சொல்லாமல் ஓடிப்போய்விட்டபடியால், அவளுக்கு இடமோ பொருளோ கொடுப்பவர்களுக்கு நான் பொறுப்பாளியல்ல.’ அதன் கீழே பெரியப்பா தன் கைச்சரக்கையும் சேர்த்திருந்தார். ‘அந்த ரத்தம் இன்றைக்கும் நம் வீட்டில் ஓடுகிறது.’

யாரைக் குத்துகிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. தீப்பெட்டியின் மகள் வீங்கிய கன்னத்தோடும் ஒற்றைப் பையோடும் புருஷன் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

அந்த வீட்டில் இந்தப் பேச்சு புதிதில்லை. எந்தப் பெண் வாயைத் திறந்தாலும் ‘ஓடுகாலி வம்சம்’ என்று அடைத்துவிடுவார்கள். தீப்பெட்டி ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொண்டு வந்து காட்டியபோது, ஓடுவதற்கு வண்டி வேறு கேட்கிறதா என்று இதே பெரியப்பாதான் கேட்டார். அந்தக் கொள்ளுப்பாட்டியின் ரத்தம்தானே அவருக்குள்ளும் ஓடுகிறது? அது மட்டும் கணக்கில் வராது. ஆண்களுக்கு வைத்தியர் ரத்தம், பெண்களுக்கு ஓடுகாலி ரத்தம் என்று தனித்தனிக் குழாயில் வந்ததோ என்னவோ!

மகள் அதைப் படித்துவிட்டு அழவில்லை. தோளில் கிடந்த துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“நான் போயிடறேன்மா. எனக்காக உன்னை வேற ஏன் பேசணும்?”

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே காரில் வந்து அவளைக் கொண்டுபோய் விடுவது என்று ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளை இனிமேல் கை நீட்ட மாட்டார் என்று அவர் உத்தரவாதம் கொடுத்திருந்தார். அவர் கன்னமா வீங்கப்போகிறது, தாராளமாகக் கொடுக்கலாம்.

தீப்பெட்டி கொதித்தாள். ஓடினாளாமே, எங்கே ஓடினாள்? மனுஷி போய்ச் சேர்ந்த இடம் என்று ஒன்று இருக்குமே! மறுநாள் மத்தியானம் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் பெரியப்பா துழாவும் அந்தப் பழைய செய்தித்தாள் தளத்தைத் திறந்தாள். ‘மனைவி’ என்று தட்டினாள். ஒன்றுகூட இல்லை என்றது. அத்தனை வருஷச் செய்தித்தாளில் ஒரு மனைவிகூடவா இல்லை?

வைத்தியரின் அறிவிப்பையே மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பழைய தாளின் படம், மறுபக்கம் அதை இயந்திரம் படித்து அடித்த எழுத்து. ‘கணவன்’ சரியாக இருந்தது. ‘பொறுப்பாளியல்ல’ பிசகாமல் இருந்தது. ‘மனைவி’ மட்டும் ‘மனவி’ என்று கிடந்தது. அந்தக் காலத்து ‘னை’க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை, விழுங்கிவிட்டது. ‘பிள்ளை’யும் அதேபோல ‘பிள்ள’ ஆகிவிட்டிருந்தது. கணவன்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். மனைவிகளும் பிள்ளைகளும்தான் கூண்டோடு தொலைந்துபோயிருந்தார்கள்.

“உனக்குமாடா அவங்க வேண்டாதவங்களாப் போயிட்டாங்க?” என்று அவள் இரைந்ததில், கார் பழக வந்து ஸ்டியரிங் பிடித்துக் காத்திருந்த பல் டாக்டர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று பதறி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

‘மனவி’ என்று தட்டினாள். கொட்டோ கொட்டென்று கொட்டியது. கிணற்றில் கிடந்த மனவி, அடுப்பில் கருகிய மனவி, ஜீவனாம்சம் கேட்டு வழக்காடிய மனவி. பல் டாக்டரை இறக்கி அனுப்பிவிட்டுத் தொடர்ந்து தேடினாள். வைத்தியரின் அறிவிப்பு வந்ததற்கு அடுத்த வாரத் தாளில், தையல் விளம்பரங்களோடு சேர்த்துப் போட்டிருந்த நாலு வரியில் அவள் விரல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். மகள் பையோடு வாசலை ஒட்டி நின்றாள். தீப்பெட்டி கைப்பேசியை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

‘தன் மனைவி ஓடிப்போனதாகச் சென்ற வாரம் இதில் விளம்பரம் செய்தவருக்கும் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது. நான் எங்கும் ஓடவில்லை. அடி பொறுக்காமல் வெளியேறி, மணிக்கூண்டுக்குப் பின்தெரு மாடியில் துணி தைத்துப் பிழைக்கிறேன். பகலெல்லாம் கதவு திறந்தே இருக்கும். என் பிள்ளையை ஒரு தரமாவது அழைத்துவரக் கோருகிறேன். இப்படிக்கு, ஓடிப்போகாதவள்.’

பெரியப்பா திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதையும் பார்த்தேன்மா. அடுத்த வாரப் பேப்பரைப் புரட்டாமலா இருப்பேன்? அடி அது இதுன்னு இருக்கு. இதையெல்லாம் குரூப்ல போட்டா குடும்ப மானம் என்னாகிறது?”

தெரிந்தே செய்திருக்கிறார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் போட்டிருக்கிறார். கத்தப்போகிறாள் என்று மகள் நினைத்தாள். தீப்பெட்டி குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“அந்தப் பிள்ளை யாரு பெரியப்பா? உங்க அப்பாதானே? எங்கம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டான்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரே. மணிக்கூண்டு அவர் பள்ளிக்கூடம் போற வழி. கதவைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. கூட்டிட்டுப் போக ஒருத்தருக்கும் மனசு வரல.”

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, நேரமாகிறது என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க கிளம்புங்க தாத்தா,” என்றாள் மகள். பையை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் அம்மாவிடமிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பழைய நாலு வரியைப் படத்தோடு குடும்பக் குழுவில் போட்டாள். அதன் கீழே தானும் தட்டினாள். ‘நானும் எங்கயும் ஓடல. அம்மா வீட்ல இருக்கேன். என் கன்னத்தைப் பார்க்கணும்னு நினைக்கிறவங்க வரலாம். கதவு திறந்தே இருக்கும். இப்படிக்கு, ஓடிப்போகாதவள்.’

நீல டிக்குகள் மட்டும் வந்தன. அப்புறம் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி விழுந்தது: ‘பெரியப்பா வெளியேறினார்.’

தீப்பெட்டி அதை இரண்டு தடவை படித்தாள்.

“எழுதி வெச்சுக்கோடி,” என்றாள் மகளிடம். “நம்ம வம்சத்துல ஓடிப்போனது இவர்தான்.”