செல்லதுரை சொன்ன வழி

நல்லுசாமி அரியலூரில் சிறப்பு எஸ்.ஐ. சொந்த ஊர் மீன்சுருட்டி. இத்தனை வருட சர்வீஸில் யாரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. பந்தோபஸ்துக்கு நில் என்றால் நிற்பார். ஜீப்பை எடு என்றால் எடுப்பார்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய தகரக் கொட்டகைகளில் வங்கதேசத்துக்காரர்கள் கள்ளத்தனமாகத் தங்கியிருப்பதாக மேலிடத்துக்குத் தகவல் போனது. போலீஸ், வருவாய்த்துறை, தொழிலாளர் துறை மூன்றும் சேர்ந்து சோதனை போடுவதென்று டி.எஸ்.பி. அறையில் கூடிப் பேசினார்கள். என்றைக்குப் போவது, எப்படி வளைப்பது என்பதில் இழுபறி. கதவோரம் நின்ற நல்லுசாமி வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் போவணும் சார். கறி எடுத்து சமைச்சிட்டு இருப்பானுங்க, எல்லாரும் ஒரே எடத்துல கெடைப்பானுங்க. முன்னாடி ரெவின்யூ ஆளுங்க பேச்சுக் குடுக்கட்டும். நம்மாளுங்க பின்பக்கம் நிக்கணும். ஓடுறவன் அங்கதான் வருவான்."

"எப்படிய்யா இவ்வளவு தெரியும்?" என்றார் டி.எஸ்.பி.

"சும்மா ஒரு யூகந்தான் சார்."

யூகமில்லை. அவருடைய தம்பி செல்லதுரை மலேசியாவில் கட்டட வேலைக்குப் போய், பர்மிட் முடிந்தும் தங்கி, இப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில் பிடிபட்டவன். அங்கே தடுப்பு முகாமில் கிடந்து ஊர் திரும்பியவன், குடித்தால் மட்டும், அண்ணனிடம் மட்டும் அதைச் சொல்லி அழுவான்.

திட்டம் பலித்தது. வேன் நிறைந்தது. பின்பக்கம் போலீசைக் கண்டு மிரண்ட ஒருவன் மட்டும் சுரங்கப் பள்ளத்தில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். டி.எஸ்.பி. நல்லுசாமியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டில் மனைவி மணிமொழி கேசரி கிண்டினாள்.

விசாரணையில் வங்கதேசத்துக்காரன் ஒருவனும் தேறவில்லை. அத்தனை பேரும் மேற்கு வங்காளத்து மால்டா பக்கத்து ஆட்கள். பேசியது வங்காள மொழி, அவ்வளவுதான். விட்டுவிட்டார்கள். இடுப்பொடிந்தவனை ஸ்ட்ரெச்சரோடு ரயிலேற்றினார்கள்.

டிவியில் செய்தி பார்த்துவிட்டுச் செல்லதுரை வந்தான். அன்று குடித்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம, பின்பக்கம்... நான் சொன்னதுதானேண்ணே?"

"வேலைடா. நான் என்ன பண்றது?"

"மலேசியாவுல என்னைப் புடிச்ச ஆபீசரும் தமிழன்தான். அவனும் இதையேதான் சொன்னான்."

அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. மணிமொழி அவனுக்குக் கொடுத்தனுப்பும் சோறு தொடாமல் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் பெரம்பலூரில் அதே மாதிரி ஒரு சோதனை. திட்டம் போட்டுக் கொடுக்க நல்லுசாமியைத்தான் கேட்டார்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.