நாலாவது குழு வெட்டிய நாற்பது வினாடி

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நான் முதலில் பார்த்தது ஒரு கட்டைவிரல். செல்போன் கேமராவை மூடியிருந்த விரல். ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரிந்தது. "ஓடுதாடா?" என்று ஒரு குரல் கேட்டது. "ஓடுது, ஓடுது. பேசு" என்றது இன்னொன்று. விரல் விலகியதும் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகமும், கழுவுதொட்டிக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் நான்கு பையன்களும் தெரிந்தார்கள்.

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வில்லியனூரில் வீடு. சனிக்கிழமைகளில் எல்லோரும் எழுந்திருப்பதற்குள் திருத்தும் வேலையை முடித்துவிடுவது வழக்கம். அன்று திருத்தக் காகிதம் இல்லை, ஆறு வீடியோக்கள் இருந்தன.

வகுப்பை நான்கு நான்கு பேராக ஆறு குழுக்களாகப் பிரித்திருந்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள். அதில் குளோரைடு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்து, செய்வதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தூளை நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் விட வேண்டும். தயிர் திரிந்தாற்போல் வெள்ளையாக வந்தால் குளோரைடு உண்டு. பள்ளிக்குள் செல்போன் கொண்டுவர வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் தலைமையாசிரியை அனுமதி கொடுத்திருந்தார். பத்து மதிப்பெண்: சரியான முடிவுக்கு ஐந்து, செய்முறைக்கு மூன்று, நான்கு பேரும் பேசினால் ஒன்று, இடையில் வெட்டாமல் எடுத்திருந்தால் ஒன்று.

முதல் மூன்று குழுக்களும் காலையில் செய்தவை. மூன்றுமே சரி. இரண்டாவது குழு ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மூன்றாவது வாக்கியத்தில் மூச்சு வாங்கி, "அதாவது இன்னான்னா" என்று தமிழுக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது குழுவில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சோதனைக்குழாயைப் பிடித்திருந்தவன் கேமராவைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டே முடிவை அறிவித்தான். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். நல்ல காலை.

நாலாவது குழுவில் நான்கு பெண்கள். பேசியவள் கரியமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரையாண்டின்போது இவள் செய்முறை நோட்டைத் தோழியைப் பார்த்து எழுதியிருந்தாள். தோழியின் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதியிருந்ததால் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இன்னொரு தடவை காப்பி அடித்தால் அம்மாவை அழைத்துவர வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலை. பள்ளிக்கு வருவதென்றால் ஒரு நாள் லீவு, அதற்கு மேற்பார்வையாளரிடம் காரணமும் சொல்ல வேண்டும். அன்று அந்தப் பெண் அழவில்லை. "அம்மாவ மட்டும் வேணாம் மிஸ்" என்று தலைமையாசிரியையிடம் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள்.

வீடியோவில் அவள் தெளிவாகப் பேசினாள். குழாயில் வெள்ளை திரண்டது. மூன்றாவது நிமிடத்தில் தோளுக்கு முன்னால் கிடந்த அவளுடைய ஜடை, அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. வெட்டியிருக்கிறார்கள். வெட்டுக்குப் பிறகு அவள், "எனவே எங்கள் உப்பில் குளோரைடு உள்ளது" என்றாள்.

நாலாம் பொட்டலத்தில் நான் போட்டிருந்தது பொட்டாசியம் நைட்ரேட். குளோரைடு இல்லை. ஐந்தாவது குழுவும் "உள்ளது" என்றது. அவர்களுடையதிலும் இல்லை. ஆறாவது குழுவும் "உள்ளது" என்றது. அதில் மட்டும் நிஜமாகவே இருந்தது, சமையல் உப்பு. மூன்று குழுக்களும் மதியம் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் செய்தவர்கள். ஆறாவது மேசையின் குழாயை வாங்கி மற்றவர்கள் கேமராவுக்குக் காட்டியிருக்கலாம். இரண்டு பத்திரிகையில் ஒரே தவறு வந்தால் செய்தி ஒரே இடத்திலிருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் "4, 5 – காப்பி?" என்று எழுதினேன்.

அந்தக் கேள்விக்குறி பத்திரிகைப் பழக்கம். ஒருவர் மேல் குற்றம் வருகிற செய்தி என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் ஏற்ற மாட்டோம். எட்டரை மணிக்கு, வீடியோ வந்த எண்ணுக்கே போன் செய்தேன். அது அவள் அம்மாவின் போன். எடுத்தது அவள்.

"சார்... அம்மா வூட்லதான் சார் கீறாங்க. கூப்புடணுமா சார்?"

"வேண்டாம்மா. உங்க வீடியோவுல நடுவுல ஒரு இடத்துல கட் பண்ணியிருக்கீங்களே?"

பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"காப்பி அடிக்கல சார். சத்தியமா சார்."

"அடிச்சேன்னு சொல்லலை. கட் பண்ணினது இன்னும் போன்ல இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்படியே அனுப்பு."

பதினோரு நிமிடம் கழித்து வந்தது. நாற்பது வினாடி. கேமரா மேசைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முகங்கள் இல்லை, கைகளும் குழாய்களும் மட்டும்.

"சும்மா வெறுந் தண்ணில ஊத்திப் பாருடி."

"இன்னாத்துக்கு?"

"பாரேன்."

ஒரு கை புதுக் குழாயில் தண்ணீர் மட்டும் எடுத்தது. அமிலம் விட்டது. சில்வர் நைட்ரேட் இரண்டு துளி விட்டது. குழாய் வெளுத்தது.

"ஐயய்யோ, இதுவும் தயிராயிட்ச்சிடி!"

"பவுடரே போடலியேடி!"

"உன் கை பட்டா எல்லாம் தயிருதான். பேசாம மோர் வித்துப் பொழச்சிக்கோ."

சிரிப்பு. பிறகு அவள் குரல், சிரிக்காமல்: "ஏய், எங்கியோ தப்பு பண்ணிட்டோம். சார் பாத்தா அவ்ளோதான். இத்த கட் பண்ணிட்லாம்."

"கட் பண்ணா ஒரு மார்க்கு பூடும்டி."

"ஒண்ணு போனா போவுது. இத்த பாத்தா எங்கம்மாவ கூப்புடுவாங்க."

மூன்று தடவை பார்த்தேன். நோட்டில் "காப்பி?" என்பதை அடித்தேன். தூள் போடாத தண்ணீரைத் தனியாகச் சோதித்துப் பார்க்க நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு குழுவில் இவர்கள் மட்டும் விளையாட்டாக அதைச் செய்து, வந்த விடையைப் பார்த்துப் பயந்து, வெட்டி எறிந்திருந்தார்கள். குளோரைடு அவர்களுடைய பொட்டலத்தில் இல்லை, தண்ணீரில் இருந்தது. ஆய்வகத்துக்குக் காய்ச்சி வடித்த நீரை நான்தான் வாங்கி வந்து கேனில் ஊற்றியிருந்தேன். அதில் குளோரைடு எப்படி வந்தது என்பதுதான் பாக்கி.

திங்கட்கிழமை முதல் மணியில் வகுப்பிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கேன்ல யாராவது தண்ணி ஊத்தினீங்களா?"

ஐந்தாவது குழுவில் ஒரு பெண் உடனே எழுந்தாள். பாராட்டப் போகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"நாந்தான் சார். மத்தியானம் தீந்து பூட்ச்சி. கேன் ஃபுல்லா புடிச்சாந்து வச்சேன்."

"எங்கேயிருந்து?"

"வராண்டா கொழாய்ல சார்." என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சேர்த்தாள்: "போர் தண்ணி இல்ல சார். நல்ல தண்ணிதான். அதுலயே எழுதிகீதே."

கேனைப் பார்த்தேன். எழுதியிருந்தது. "நல்ல தண்ணீர் – கை கழுவாதே." என் கையெழுத்து. பள்ளி திறந்த வாரம் பிள்ளைகள் அதில் கை கழுவுவதைப் பார்த்துவிட்டு ஒட்டியது. 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதினால் தாளின் அகலத்துக்குள் எழுத்து சிறிதாகிவிடும். தலைப்பு பத்திக்குள் அடங்காதபோது ஆறு வருடம் செய்ததையே அங்கும் செய்திருந்தேன், சின்ன வார்த்தையாகப் பார்த்துப் போட்டேன். இந்தப் பக்கத்து ஊர்களில் தண்ணீர் இரண்டு வகை. போரில் வருவது உப்புத்தண்ணி, துவைக்கவும் கழுவவும். குழாயில் விடுவது நல்ல தண்ணி, குடிக்க; அதிலும் கொஞ்சம் குளோரைடு உண்டு. அந்தப் பெண் நான் எழுதியதைச் சரியாகப் படித்து, சரியான குழாயில் பிடித்து வந்திருந்தாள்.

வகுப்பிடம் அப்படியே சொன்னேன். தண்ணீர் பிடித்தவள் மேல் தப்பில்லை, லேபிள் எழுதியவன் நான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப சாருக்கு எவ்ளோ மார்க்கு சார்?"

"முடிவுக்குப் பூஜ்யம்" என்றேன்.

"பேசுனதுக்கு ஒண்ணு போட்டுக்கோங்க சார்." வகுப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

மெடிக்கல் கடையிலிருந்து புதிதாக நீர் வாங்கி வந்திருந்தேன். நாலும் ஐந்தும் ஆறும் மறுபடி செய்தார்கள். கரியமாணிக்கத்துப் பெண் முதலில் வெறும் நீரில்தான் துளி விட்டாள், யாரும் சொல்லாமலே. பிறகு தூள் கரைத்த குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். சில்வர் நைட்ரேட் பட்டு விரல் நுனி கறுத்திருந்தது.

"ஒண்ணுமே வரல சார்."

"வரலைன்னா?"

"குளோரைடு இல்ல."

"எழுதிக்கோ."

எழுதினாள். பேனாவை மூடிவிட்டு, மற்ற மூவருக்கும் கேட்காத குரலில், "அம்மா வரணுமா சார்?" என்றாள்.

"வேண்டாம். இன்னைக்கு வேலையா அவங்களுக்கு?"

"ரெண்டு மணி ஷிஃப்டு சார்."

வெட்டியதற்கு ஒன்று குறைத்து, நாலாவது குழுவுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். அவள் அம்மாவை ஏற்றிக்கொள்ள, இரண்டு மணி ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் கரியமாணிக்கத்துக்கு ஒன்றேகாலுக்கு வருகிறது.