கட்டாரில் இருப்பதாகச் சொன்ன வீடு

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். படிப்போடு நின்றவள் எழுதி யார் வாசிப்பார்கள் என்பது ஒன்று. இதில் வரும் குடும்பத்துக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்ற பயம் மற்றது. போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் கோயில் வாசலில் அந்த வீட்டுத் தலைவியையே கண்டேன். "பேரைப் போடாம எழுதுங்க அக்கா" என்றாள். முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கைதிகளின் குடும்பங்களைப் போய்ப் பார்ப்பது என் வேலை. நன்னடத்தைக்காக ஒருவரை முன்கூட்டியே விடுவதென்றால், வீட்டார் ஏற்பார்களா என்று நேரில் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர் உள்ளேதான் இருப்பார்.

அவளுடைய வீடு கொட்டாஞ்சேனையில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசையில். புருஷன் வெளிநாட்டில், கட்டாரில் வேலை செய்வதாக அந்த வரிசைக்கே சொல்லி வைத்திருந்தாள். அவர் இருந்ததோ பொரளைச் சிறையில்.

"அவரு வரணும்னுதான் எனக்கும் ஆசை. வெறுங்கையோட வந்து நின்னா எல்லாருக்கும் வெளங்கிடும். மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருக்கோம். அவரு கட்டார்ல இருந்து வந்திருக்காருன்னு நீங்க சொல்வீங்களா அக்கா?"

"பொய் எனக்கு வராது தங்கச்சி. ஆரும் கேட்டால் வாய் திறக்க மாட்டன். அவ்வளவுதான்."

"அப்ப வேணாம்னே எழுதிக்குங்க."

பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து நின்றார். மெல்லிய சுவர்; எல்லாம் கேட்டிருக்கிறது.

"ஏன் புள்ள, குளிக்கிற சவுக்காரமும் பிஸ்கட்டும் தூக்கிக்கிட்டுப் பொரளை பஸ்ல ஏறுறியே, அது கட்டாருக்கா போகுது?"

இவள் முகம் வெளிறிப்போனது. "எல்லாருக்கும் தெரியுமா?"

"கண்டக்டருக்கே தெரியும்! மாப்பிள்ளை வீட்டாளுங்க எங்கிட்டத்தான் விசாரிச்சாங்க. அப்பன் உள்ள இருக்காரு, புள்ள தங்கம்னு சொன்னேன். அதுக்குப் பொறகுதானே வந்து பாத்துட்டுப் போனாங்க?"

"பாவி மனுசி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை நாளும் பையை மறைச்சு மறைச்சுக் கொண்டு போயிருப்பேனா?"

திட்டித் தீர்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வரச் சொல்லி எழுதுங்க அக்கா."

விடுதலையான அன்று அவளுடைய புருஷன் பட்டப்பகலில் நடந்தே வந்தார். முதல் தேத்தண்ணி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். அவர் குற்றமற்றவர் என்று கூட்ட வேண்டாம். செய்ததை அவரே ஒப்புக்கொண்டவர். என்ன குற்றமென்று நீங்களாக ஊகித்துச் சேர்க்கவும் வேண்டாம்.