சிவப்புப் பொட்டு வைத்த திருகு

சென்ற வாரம் எங்கள் வீட்டு மிக்சியின் மோட்டார் எரிந்துபோயிற்று. தேங்காய்ச் சட்னி பாதியில் நிற்க, சமையலறை முழுவதும் செம்புக்கம்பி கருகிய நெடி. வீட்டார் சன்னல்களைத் திறக்க ஓடினார்கள். நானோ, நண்பரே, நின்ற இடத்திலேயே நின்று ஒருவர்மீது கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். மிக்சி விற்றவர்மீது அல்ல. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒருகாலத்தில் வாகனங்களுக்கு ஒலிக்கருவி பொருத்திக்கொடுத்த கடை முதலாளிமீது.

அந்த நெடியை நான் முதலில் முகர்ந்தது ரவி அண்ணனின் வேனில். தொண்ணூறுகளின் தொடக்கம். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவர் எங்களுக்குக் கீழ்வீடு. நான் இயற்பியல் பட்டத்துடன் வேலை தேடிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் நின்றுபோகும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, அதற்கான காரணத்தை அண்டைவீட்டாருக்கு விளக்கிக்கொண்டும் இருந்தேன். அண்ணன் தொழிற்சாலைப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, பாலம் கடந்து, எதிர்க்கரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார். அதே வழியில் ஒரு நீல வேனும் ஓடியது. கட்டணம் ஒன்று, நேரமும் ஒன்று. ஆகவே பெண்கள் பாட்டைப் பார்த்தே வேனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை அற்பம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பகல் முழுவதும் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கப் போகிறவர்களுக்கு அந்தப் பயணம் ஒன்றுதான் சொந்த நேரம்.

அதற்காகவே அண்ணன் பின்னிருக்கைக்கு அடியில், தாழ்ந்த ஒலியை அதிரவைக்கும் ஒரு சப்வூஃபர் ஒலிபெருக்கியையும், பெட்டியில் ‘ஆயிரம் வாட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஆம்ப்ளிஃபையரையும் பொருத்தினார். சில வாரங்களில் சப்வூஃபர் கருகியது. “நீ ரொம்ப சத்தமா வெச்சிருப்ப தம்பி” என்றார் முதலாளி. அண்ணன் நம்பினார், வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொன்று வாங்கினார். அதுவும் கருகியது.

“அண்ணே, உங்க பாட்டு பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்து வருது லா” என்றாள் முன்னிருக்கையில் வழக்கமாக அமரும் தேவி. “இந்த வாரம் பாப்போம். அப்புறம் நீல வேன்தான், சொல்லிட்டேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிலர் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தார்கள். வேன் போனால் அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நான் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபையர் ஒலியை எவ்வளவு பெருக்கவேண்டும் என்று நிர்ணயிக்கும் கெயின் திருகு முழுவதுமாகத் திருப்பப்பட்டிருந்தது. அதன்மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

“இத யாருண்ணே வெச்சது?”

“கடைக்காரரு. தொட்டா கேரண்டி போயிரும்னாரு. நான் தொடவே இல்ல.”

வாடிக்கையாளர் ஓட்டிப்பார்க்கும்போது அதிரவேண்டும் என்பதற்காக, அந்தக் கடையில் எல்லாருக்கும் திருகை இறுதிவரை திருப்பிப் பொட்டு வைத்துவிடுவார்கள். அந்தக் கருவியின் ஃபியூஸ் இருபது ஆம்பியர். வேனின் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். பெருக்கிப் பார்த்தால் முந்நூறு வாட்கூட வராது. தன் சக்திக்கு மேல் விரட்டப்படும் கருவி ஒலியலைகளின் முகட்டை வெட்டித் தட்டையாக்கிவிடுகிறது. காதுக்கு அது கரகரப்பு. சப்வூஃபரின் கம்பிச்சுருளுக்கு ஆறவிடாத சூடு. எரித்தது அண்ணனின் கை அல்ல, அந்தத் திருகு.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். நான் பெருக்கல் கணக்கைச் சொல்லி முடிக்கும்வரை முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

“யூனிவர்சிட்டியா? பாட்டு கேக்கவும் டிகிரி வேணுமா இப்ப?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் மரியாதைக்குச் சிரித்தார். அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவரையல்ல, அப்படிச் சிரிக்க வைத்ததை.

“உங்க பொட்டு அப்படியே இருக்கு. இத முழுசாத் திருப்பினது நீங்க. அதுதான் ரெண்டையும் எரிச்சிருக்கு” என்று ஆம்ப்ளிஃபையரை நீட்டினேன்.

முதலாளி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, எங்கள் கண்ணெதிரே, கட்டைவிரல் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினார். சிவப்புத் தூள் கண்ணாடி மேசையில் உதிர்ந்தது. அதை ஊதித் தள்ளினார்.

“எங்க இருக்கு பொட்டு? சீல் ஒடஞ்சிருக்கே தம்பி.”

நான் கத்தினேன். அண்ணன் என் தோளைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். “விடு தம்பி. நம்ம ஆளுதானே, சண்ட வேணாம்.” நம் ஆள் என்பதால்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அன்று மாலையே நான் கெயினைக் குறைத்துவைத்தேன். ஆனால் அதிர்வதற்குச் சப்வூஃபர் இல்லை. மூன்றாவது வாங்க அண்ணனுக்கு வழியுமில்லை. தேவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் காப்பி குடிக்கிறார்கள். பாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வேன்கள் இல்லை; விடுதிகளிலிருந்து ஆள் ஏற்றும் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓசையின்றிப் பாலம் கடக்கின்றன. பெட்டிகளில் அச்சிடும் வாட் மட்டும் ஆண்டுதோறும் வளர்கிறது.

வேனை விற்றபின் ரவி அண்ணன் மாக் மண்டினிலேயே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். காலையில் நீல வேனில்தான் போவார். பெண்கள் அவரை அப்போதும் “டிரைவர் அண்ணே” என்றே அழைத்து, முன்னிருக்கையைக் காலியாக வைத்திருப்பார்களாம். அவர் உட்கார்ந்ததும் பாட்டின் ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வாராம். தாம் சத்தமாக வைத்ததால்தான் எரிந்தது என்று கடைசிவரை நம்பியிருந்தார்.