சட்டையைக் கழற்றச் சொன்ன போட்டோகிராபி சார்

நான் படித்த பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு போட்டோகிராபியும் ஒரு பாடம். பாண்டிச்சேரியில் வேறெங்கும் இல்லாத வசதி என்று பெருமையாகச் சொல்லித்தான் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்குச் சொந்தமாக ஒரு கேமராவும் இருந்தது. தூசி படியுமென்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தவளையை வரைந்து பாகம் குறிப்பதைப் போல, முதல் வருடம் முழுவதும் கேமராவை வரைந்து பாகம் குறித்தோம். ஷட்டர் என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது என்ன சத்தம் போடும் என்று மட்டும் தெரியாது.

பாடம் நடத்திய சார் தன்னைக் கலைஞர் என்று நம்பினார். பாரிசில் இருக்கும் அண்ணன் அனுப்பிய கேமரா எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். யாரையும் தொட விடமாட்டார். தான் எடுத்த படங்களை வகுப்பில் போட்டுக் காட்டுவார்: பீச் ரோட்டுப் பக்கத்து மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ, சுவரோரம் ஒரு சைக்கிள். அடுத்த படத்தில் அந்தச் சைக்கிள் இந்தப் பக்கம் நிற்கும். மழைக்காலத்தில் அதே சுவர் நனைந்திருக்கும். வகுப்பு கைதட்டும். நானும் தட்டினேன், இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது.

பிளஸ் டூவில் செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு ஆல்பம் தயாரிக்க வேண்டும்.

"இதுவரைக்கும் அழகைப் பாத்தோம். இனிமே வாழ்க்கையைப் பாக்கலாம்" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பள்ளி வேனில் கூட்டிக்கொண்டு போய்த் தவளக்குப்பத்தில் இறக்கினார். வாழ்க்கை அங்கேதான் கிடைக்கும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். என் வீடு அந்த ஊரில்தான். கடலூர் ரோட்டோரம் அப்பா இளநீர்க் கடை போட்டிருக்கிறார். சார் நேராக அவரிடம்தான் போனார்.

நாங்கள் வருவதை முதல் நாளே வீட்டில் சொல்லியிருந்தேன். அதனால் அப்பா இஸ்திரி போட்ட பச்சைச் சட்டையில் இருந்தார். சார் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவரே, அந்தச் சட்டையைக் கழட்டிட்டு நில்லுங்க."

"ஏன் சார், சட்டை நல்லாத்தானே இருக்கு?"

"அதான் பிரச்சனை. ஏழைங்கற ஃபீல் வரல."

அப்பா என்னைப் பார்த்தார்.

"சார், அவரு எங்கப்பா" என்றேன்.

கொஞ்சமாவது கூசுவார் என்று நினைத்தேன். சாரின் முகம் மலர்ந்தது.

"அப்படியா! சூப்பர். அப்ப நீயே சொல்லும்மா. சீக்கிரம், லைட்டு போயிடும்."

அப்பா அரிவாளைப் பலகையில் கொத்தி நிறுத்தினார்.

"எளநி வேணும்னா சொல்லுங்க சார், சீவித் தரேன். சட்டையெல்லாம் கழட்ட முடியாது. வேணும்னா நீங்க கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க, எம்பொண்ணு எடுக்கும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தன் பெருந்தன்மையைக் காட்டுவதுபோல் சாரும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. மண்டியிட்டு, ஒரு கையில் கேமராவோடு, மறு கையால் பட்டனைக் கழற்றும்படி சைகை காட்டினார். அப்பா கைகட்டி நின்று அவரை மேலிருந்து பார்த்தார். அதைத்தான் நான் செல்போனில் எடுத்தேன்.

சாருக்கும் ஏமாற்றமில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர் வெற்றுடம்போடு அகப்பட்டார். பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படம் கறுப்பு வெள்ளையில், 'வலி' என்ற தலைப்போடு தொங்கியது. பெற்றோர்கள் அதன் முன் நின்று உச்சுக் கொட்டினார்கள்.

என் ஆல்பத்தைப் பார்த்தபோது சார் என் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதுல நான் எதுக்கு?"

"வாழ்க்கை சார்."

"காம்போசிஷன் சரியில்ல. எடுத்துடு."

நான் எடுக்கவில்லை. அதனால் எதுவும் நடந்துவிடவுமில்லை. தேர்வன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் போனில் யாருடனோ மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதைப் பற்றிப் பேசியபடியே ஆல்பங்களைப் புரட்டினார். என் ஆல்பத்தையும் அப்படித்தான். பேச்சின் நடுவே போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். நல்ல மார்க் போட்டார்.

சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"என்ன கேட்டாங்க?" என்றார் அப்பா.

"அப்பெர்ச்சர்னா என்னன்னு."

"நம்ம படத்தைப் பாக்கலியா?"

"போன் பேசிட்டே நல்ல மார்க் போட்டுட்டாருப்பா."

"பாக்காமலே பாஸா?" என்று கேட்டுவிட்டு, கடை முன்னால் வண்டியை நிறுத்தியவருக்கு அப்பா இளநீர் சீவப் போனார்.